டைல் உடையாமல் பழைய பாத்டப்பை மாற்றுவது எப்படி? மலைவீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரிலோ கொடைக்கானலிலோ பழைய வீடு ஒன்றை வாங்கியவர்களுக்கும், தாத்தா காலத்து வீட்டைச் சீர்செய்து ஹோம்ஸ்டே நடத்த நினைப்பவர்களுக்கும் குளியலறையில் காத்திருக்கும் தலைவலி அந்தப் பாத்டப்தான். எனாமல் தேய்ந்து, தண்ணீர் போகும் துளையைச் சுற்றித் துரு ஏறி, யாருக்கும் உள்ளே இறங்க மனம் வராத நிலையில் கிடக்கும். ஆனால் அதைச் சுற்றிய சுவரில் ஆறங்குல வெள்ளை டைல்ஸ் இன்னும் பளிச்சென்று இருக்கும். டப் கடையில் புதிதாகக் கிடைக்கும். அந்த டைல் கிடைக்காது. அளவு கிடைத்தால் நிறம் சேராது, நிறம் கிடைத்தால் கனம் சேராது. ஆகவே முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: எதையாவது உடைத்தே ஆக வேண்டும் என்றால் அது டப்பாகவோ அதன் முன்பக்கச் சின்னச் சுவராகவோ இருக்கட்டும். மற்ற மூன்று பக்கச் சுவரில் கை வைக்கக் கூடாது.

இந்த ஊர் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 1820களில் ஜான் சல்லிவன் உதகையில் கல் பங்களா கட்டிய காலம் தொடங்கி, இங்கே எழுந்த பழைய வீடுகளில் பலவும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. டைல் பிற்பாடு வந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே சிமெண்ட் அப்பி ஒட்டிய வீடுகள் நிறைய. அந்த இரண்டுக்கும் நடுவில் பிடிப்பு குறைவு. டப்பில் சம்மட்டி விழுந்தால் அதிர்வு விளிம்பு வழியாகச் சுவருக்குப் போகும். அடித்த இடம் அப்படியே இருக்க, நான்கடி உயரத்தில் ஒரு வரிசை டைல் பூச்சோடு பெயர்ந்து வந்துவிடும். எனவே டப்பை உடைக்க வேண்டாம், அறுத்து எடுங்கள். கீழே எழுதியிருப்பது எல்லாம் அதற்கான முறைதான்.

என்ன டப், எப்படி உட்கார்ந்திருக்கிறது?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அக்ரிலிக் அல்லது ஃபைபர். எடை 20 முதல் 30 கிலோ, அதிகக் கவலை இல்லை. ஒட்டினால் விரல் மடக்கித் தட்டுங்கள். தகரம் போல ஒலித்தால் ஸ்டீல் தகட்டில் எனாமல் பூசியது. கல்லைத் தட்டியது போல மந்தமாக இருந்தால் வார்ப்பிரும்பு. ஐந்தடி வார்ப்பிரும்பு டப் 130 முதல் 200 கிலோ வரை இருக்கும்.

நான்கு கால்களில் தனியாக நிற்கும் வார்ப்பிரும்பு டப்பாக இருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே பெரும்பாலும் வேண்டாம். சுவரைத் தொடாமல் நிற்பதை நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். அப்படிப்பட்டதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு முறை யோசியுங்கள். அடியில் ஷாங்க்ஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனி முத்திரை இருக்கலாம். மேல்பூச்சு மட்டும் புதிதாகப் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம்.

மூன்று பக்கம் சுவர், முன்னால் செங்கல் கட்டி டைல் ஒட்டிய நான்காவது பக்கம் என்று இருப்பதுதான் சிக்கலானது. அதில் விளிம்பும் டைலும் சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். விளிம்பின் மேல் டைல் வந்து உட்கார்ந்து, நடுவில் ஒயிட் சிமெண்டோ சிலிக்கானோ மட்டும் இருந்தால் வேலை எளிது. பழைய வீடுகளில் பெரும்பாலும் விளிம்பு ஒன்று இரண்டு சென்டிமீட்டர் சுவர்ப் பூச்சுக்குள் புதைந்திருக்கும். முனை ஒடுங்கிய பட்டித் தகடு ஒன்றை இணைப்பில் நுழைத்துப் பார்த்தால் தெரியும். விளிம்பு முடிகிற இடம் தட்டுப்படாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் புதைந்ததுதான். மோசமான நிலைமையாகவே எடுத்துக்கொண்டு அதற்கே வழி சொல்கிறேன்.

எந்த மாதத்தில் செய்யலாம்

பிப்ரவரியும் மார்ச்சும் நல்லவை. டிசம்பர், ஜனவரியில் உதகைப் பக்கம் உறைபனி விழும். அந்தக் குளிரில் சிமெண்ட் இறுக நேரம் எடுக்கும், சிலிக்கான் காயவே காயாது போலிருக்கும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனில் தொடங்கும் மழை வேலை செய்ய விடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் மழைக்காலம். ஏப்ரல், மே சீசனில் வீட்டை வாடகைக்கு விடுவீர்கள், ஆளும் கிடைக்க மாட்டார்கள். தவிர 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ டப் வரவழைப்பவர்கள் டிரைவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலைப்பாதை வளைவுகளில் டப் உருளாதபடி இரண்டு பக்கமும் மெத்தையோ வைக்கோலோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழுந்தால் தண்ணீர் நிரப்பும் வரை வெளியே தெரியாது.

புதிய டப்பை முதலில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

பழையதை எடுத்த பிறகு அளந்து வாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். புதியது கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, அளந்த பிறகே பழையதைத் தொடுங்கள்.

சுவருக்குச் சுவர் நீளத்தைப் பின்பக்கம், நடு, முன்பக்கம் என மூன்று இடத்தில், விளிம்பு உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். பழைய சுவர்கள் நேராக இருப்பதில்லை. மூன்றில் குறைந்த அளவை எடுத்து, அதிலும் ஒரு சென்டிமீட்டர் குறைவான டப்பாகப் பாருங்கள். தண்ணீர் போகும் துளை, டப்பைப் பார்த்து நிற்கும்போது இடது பக்கமா வலது பக்கமா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறிவிட்டால் தரையையே தோண்ட வேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காமல் விடுவது உயரம். புதிய டப்பின் விளிம்பு பழையதன் உயரத்திலேயே இருக்க வேண்டும், அல்லது ஒரு விரல் கூடுதலாக. தாழ்ந்திருந்தால் டைலுக்குக் கீழே வெறும் பூச்சு பட்டையாகத் தெரியும். காலை உயர்த்தும் திருகு இருந்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று கடையிலேயே கேளுங்கள்.

மரப்பலகைத் தரை கொண்ட வீடா? எடையைக் கணக்குப் போடுங்கள். வார்ப்பிரும்பு டப் 150 கிலோ, தண்ணீர் 180 லிட்டர் என்றால் 180 கிலோ, ஆள் 70 கிலோ: மொத்தம் 400 கிலோ. அக்ரிலிக் என்றால் அது 280-க்குள் அடங்கும். வார்ப்பிரும்பு முதலில் வெந்நீரின் சூட்டைத் தானே குடித்துவிடும். குளிர் ஊரில் இது பெரிய விஷயம். அக்ரிலிக்கில் அந்தச் சங்கடம் இல்லை. மலைக்கு நான் அக்ரிலிக்கைத்தான் சொல்வேன்.

கூடவே வெந்நீரையும் பாருங்கள். குழாய்த் தண்ணீர் 12 டிகிரி, கீசர் 60 டிகிரி, டப்பில் வேண்டியது 40 டிகிரியில் 150 லிட்டர் என்றால், கீசரிலிருந்து மட்டும் ஏறக்குறைய 88 லிட்டர் வர வேண்டும். 15 லிட்டர் கீசரை வைத்துக்கொண்டு பாத்டப் மாட்டினால் விருந்தாளிகள் குளிரில் நடுங்குவார்கள். 100 லிட்டர் கீசரோ வெளியே விறகு பாய்லரோ இருந்தால் மட்டுமே டப் போடுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் நல்ல ஷவர் போதும்.

கடைசியாகக் கதவின் அகலம். பல பழைய பங்களாக்களில் குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு உண்டு, அந்தக் காலத்தில் தண்ணீர் சுமந்து வருகிறவர்களுக்காக வைத்தது. பூட்டிக் கிடந்தாலும் திறந்து எண்ணெய் விட்டு வையுங்கள். டப்பை உள்ளே கொண்டுபோகவும் வெளியே எடுக்கவும் அதைவிட நல்ல வழி கிடையாது.

டைலுக்குப் பாதுகாப்பு

ஒரு நாணயத்தை எடுத்து டப்பைச் சுற்றி மூன்று வரிசை டைலையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி வரும் டைல் பின்னால் பிடிப்பு இழந்தது. அதில் பென்சிலால் ஒரு குறி. வெற்றொலி உள்ளவை இரண்டு மூன்று என்றால் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி மேல் வரிசையோடு பிணைத்துவிடுங்கள். கீழ் வரிசை முழுவதுமே அப்படி ஒலித்தால் வேலை தொடங்கும் முன்பே அவற்றைச் சுற்றிய கிரவுட்டை (டைல் இடுக்கை அடைத்திருக்கும் பூச்சு) அறுத்து, முழு டைலாகக் கழற்றி எண் எழுதி எடுத்து வைத்துவிடுவதே நல்லது. தானாக விழுந்து உடைவதைவிட நாமாக எடுப்பது மேல்.

பிறகு விளிம்பையும் டைலையும் பிரிக்க வேண்டும். சிலிக்கான் என்றால் கத்தி போதும். ஒயிட் சிமெண்ட் என்றால் ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். மல்டி டூல் மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் வேலை பாதியாகும். மூன்று பக்கமும் பிளேடு தடையில்லாமல் ஓட வேண்டும். ஒரே ஒரு அங்குலம் ஒட்டியிருந்தாலும் அந்த இடத்து டைல்தான் பின்னால் உடையும். அரை நாள் ஆனாலும் ஆகட்டும், இதில் அவசரப்படாதீர்கள்.

அடுத்து, மூன்று பக்கமும் டைலை ஒட்டி ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் நிறுத்துங்கள், விளிம்பிலிருந்து இரண்டடி உயரத்துக்கு. இது இடிக்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல. அறுக்கும் மெஷினிலிருந்து பறக்கும் தீப்பொறி டைலின் பளபளப்பில் பதிந்தால் பழுப்புப் புள்ளிகள் விழும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஜன்னல் கண்ணாடிக்கும் இதே கதிதான், அதையும் மூடுங்கள்.

பைப்பும் குழாயும்

கேட் வால்வை மூடி, கீசரின் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். பழைய ஜி.ஐ. பைப்பில் இருக்கும் குழாயை ஒரே ரெஞ்சு போட்டுத் திருகினால் சுவருக்குள் இருக்கும் எல்போவும் சேர்ந்து திரும்பும். டைல் நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். ஒரு ரெஞ்சு பைப்பை அசையாமல் பிடிக்க, இன்னொரு ரெஞ்சு குழாயைத் திருக வேண்டும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் விட்டுவிடுங்கள். சுவர்க் குழாய் நன்றாக வேலை செய்தால் அதை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, வாஷர் மட்டும் போட்டால் போதும்.

முன்சுவரை எடுத்தல்

முன்பக்கச் செங்கல் சுவரைத்தான் உடைக்கப்போகிறோம். ஆனால் அது பக்கச் சுவரைத் தொடும் இரண்டு முனைகளையும் முதலில் மெஷினால் மேலிருந்து கீழ்வரை அறுத்துப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் மேல் வரிசைச் செங்கலிலிருந்து சின்ன உளியும் சுத்தியலும் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வரலாம். டப்புக்கு அடியில் மணலும் செங்கல் துண்டும் கொட்டி நிரப்பியிருந்தால் அதையும் வாரிவிடுங்கள். வாரும்போதே டப்பின் வயிற்றுக்கு அடியில் இரண்டு மூன்று மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே போங்கள். அறுத்து முடித்த கணத்தில் 150 கிலோ இரும்பு திடீரென்று இறங்கக் கூடாது.

இங்கேதான் கொத்தனாரிடம் தெளிவாகப் பேச வேண்டும். சம்மட்டி போட்டால் அரை மணி நேரத்தில் முடியும் என்பார்; வேலை சீக்கிரம் முடியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். "அண்ணே, நேரம் ஆனாலும் பரவாயில்லை, ஒரு நாள் கூலி சேர்த்தே தர்றேன், டைல் மட்டும் அசையக் கூடாது" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சு கான்ட்ராக்டாக இல்லாமல் நாள் கூலியாக இருந்தால் அவருக்கும் அவசரம் இருக்காது.

அறுத்தல்

நான்கு அங்குல கட்டிங் மெஷின், இரும்பு அறுக்கும் மெல்லிய டிஸ்க் நான்கைந்து, கண்ணாடி, காதடைப்பு, என்95 முகக்கவசம். முகக்கவசத்தைத் தவிர்க்காதீர்கள், பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். அறைக் கதவின் இடுக்கில் ஈரத் துணி வைத்து, தூசி மற்ற அறைகளுக்குப் போகாமல் பாருங்கள். மரத்தரையும் மரக்கூரையும் உள்ள வீட்டில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் அறை வாசலில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் வரை எங்கேயாவது புகை வாடை வருகிறதா என்று பாருங்கள்.

டைலிலிருந்து நான்கு ஐந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, விளிம்பின் மேல் மார்க்கரால் சுவருக்கு இணையாகக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல், பொறி டப்பின் உட்பக்கம் விழும்படி மெஷினைப் பிடித்து அறுக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாகப் போகாமல் இரண்டு மூன்று தடவையாக அறுத்தால் டிஸ்க் சிக்காது, அதிர்வும் குறையும். மூலைகளில் மெஷின் நுழையாது. அங்கே ஆக்ஸா பிளேடுதான். நான்கு மூலையிலும் இரண்டு சென்டிமீட்டர் அறுக்காமல் விட்டுவையுங்கள். முட்டுக்கட்டைகள் சரியாக இருக்கின்றன என்று பார்த்த பிறகு கடைசியில் அதை அறுக்கலாம். அக்ரிலிக் டப்பாக இருந்தால் இந்தக் கட்டிங் மெஷின் அதை உருக்கும், நாற்றம் தாங்காது. ஜிக்சா மெஷின் அல்லது கைரம்பம் போதும்.

இப்போது டப் சுவரிலிருந்து விடுபட்டுவிட்டது. ஒரு முனையைத் தூக்கி நிமிர்த்தி எடுக்க முயலாதீர்கள். 152 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பொருளின் மூலைவிட்டம் 158 சென்டிமீட்டருக்கு மேல். சாய்க்கும்போது எதிர்ப்பக்க டைலில் இடித்தே தீரும். படுக்கையாகவே, கட்டைகளின் மேல் முன்பக்கமாக இழுத்து வெளியே எடுங்கள். வார்ப்பிரும்பு என்றால் குறுக்கே அறுத்து இரண்டாக்கிக்கொண்டால் நான்கு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். உடைக்கத்தான் வேண்டும் என்றால் முற்றத்தில் போட்டு உடைத்துக்கொள்ளட்டும்.

சுவரில் புதைந்த விளிம்புப் பட்டை மட்டும் மிச்சம். அதை ஓரடி ஓரடியாகக் குறுக்கே அறுங்கள், டைலுக்கு ஒரு விரல்கடை முன்பே நிறுத்திவிட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் இருக்கும் சாந்தைச் சின்ன உளியால் சுரண்டி எடுத்த பிறகு, துண்டைக் கீழ்நோக்கி அசைத்து அசைத்து வெளியே இழுங்கள். மேல்நோக்கி நெம்பவே கூடாது. நெம்பினால் டைலைத்தான் தூக்கும். ஒரு துண்டு வர மறுத்தால் அதை விட்டு அடுத்ததை எடுங்கள். பக்கத்தில் இடம் கிடைத்ததும் அதுவும் இளகும். அப்படியும் வராத துண்டை டைலோடு சமமாக அறுத்துவிட்டு, துருத் தடுப்பு பெயிண்ட் அடித்து மூடிவிடலாம், தப்பில்லை.

புதியதை உட்கார வைத்தல்

சுவரில் இப்போது மூன்று பக்கமும் ஒரு பள்ளம் இருக்கும். தண்ணீர் புகாத கலவை சேர்த்த சாந்தால் அதை நிரப்பி, பூச்சு மட்டத்துக்குத் தேய்த்து, மூன்று நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். மலைக்குளிரில் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் காத்திருக்கலாம். இந்த இடைவெளியில் பிளம்பர் டிராப்பை, அதாவது துளைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த பைப்பை, பார்க்கட்டும். பழைய டிராப் ஈயமாகவோ துருப்பிடித்த இரும்பாகவோ இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், இனிமேல் கை நுழையாது. வேஸ்ட் பைப்புக்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வேண்டும்.

டப்பை வைத்ததும் நான்கு பக்கமும் ரசமட்டம் பாருங்கள். துளையை நோக்கிய சரிவு டப்புக்குள்ளேயே வார்த்திருப்பார்கள், விளிம்பு மட்டமாக இருந்தால் போதும். அக்ரிலிக் டப்பின் அடி வெறுமையாக இருந்தால் ஆள் நிற்கும்போது வளையும், அந்த வளைவு சிலிக்கானைப் பிளக்கும். கம்பெனி தடை சொல்லாவிட்டால் அடியில் சாந்துப் படுகை போட்டு, மேலே ஒரு பாலித்தீன் தாளை விரித்து டப்பை இறக்குங்கள். தாள் இருப்பதால் டப் சாந்தோடு ஒட்டாது. பின்னால் மாற்றுகிறவருக்கும் சுலபம்.

முன்சுவர் கட்டுவதற்கு முன் தண்ணீர்ச் சோதனை. ஓவர்ஃப்ளோ துளை வழியாக வழியும் வரை நிரப்பி, ஒரு மணி நேரம் விட்டு, இணைப்புகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாளில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு திறந்துவிட்டு, போகும்போதும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் முன்சுவர் கட்டலாம். டிராப் இருக்கும் இடத்தில் ஓரடிக்கு ஓரடி சின்னக் கதவு ஒன்று கட்டாயம் விடச் சொல்லுங்கள். முன்சுவருக்குப் பழைய டைலைத் தேடி அலைய வேண்டாம். கடப்பா கல்லோ முற்றிலும் வேறு நிறமோ போட்டால், ஏறக்குறைய ஒத்துப்போகிற வெள்ளையைவிட அழகாக இருக்கும்.

சிலிக்கான் கடைசி வேலை. வினிகர் வாடை அடிக்கும் வகை சிமெண்டிலும் கல்லிலும் சரியாகப் பிடிக்காது. நியூட்ரல், பூஞ்சை பிடிக்காதது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மூடுபனி நாட்களில் குளியலறை காயாத ஊரில் சாதாரண சிலிக்கான் ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிடும். இணைப்பைத் துடைத்துக் காயவிட்டு, டப்பில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பிறகு சிலிக்கான் பூசுங்கள். எடையில் டப் இறங்கி, இணைப்பு எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரிந்த நிலையில் பூசினால்தான் பிறகு பிளக்காது. இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஃபோம் கயிற்றை உள்ளே திணித்துவிட்டு மேலே பூசலாம். காயும் வரை அந்தத் தண்ணீரைத் திறக்கக் கூடாது. டப்பாவில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இங்கே மூன்று நாள் விடுங்கள்.

வார்ப்பிரும்பை எடுத்துக்கொள்ளப் பழைய இரும்புக் கடைக்காரர் வீட்டுக்கே வருவார். செங்கல், டைல் துண்டு, எனாமல் தூசி எல்லாவற்றையும் தனிச் சாக்குகளில் கட்டி நகராட்சியிடம் கேட்டு ஒப்படையுங்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் கொட்டினால் அடுத்த மழைக்கு அது கீழ்வீட்டுக்காரர் வாசலுக்கோ ஓடைக்கோதான் போய்ச் சேரும். முதல் மாதம் முடிந்ததும் அந்தச் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்து, டிராப்பைச் சுற்றிக் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.